திறப்பு விழாவுக்கு முன் திறக்கக் கூடாது

இங்கிலாந்துக் கிராமமான நெதர் ஹாக்பியின் சிவப்புத் தொலைபேசிக் கூண்டிலிருந்து தொலைபேசியைக் கழற்றிக்கொண்டு போன அன்றுதான் ஊர் மன்றத்துக்கு அந்தக் கூண்டின் மேல் பக்தி பிறந்தது. அதுவரை அது மழைக்கு ஒதுங்கும் இடமாக இருந்தது. வெள்ளிக்கிழமை இரவுகளில் மதுக்கடையிலிருந்து வீடு திரும்புகிறவர்களுக்கு வேறு விதத்திலும் உதவியது. தொலைபேசி நிறுவனம் ஒரே ஒரு பவுண்டுக்கு அதை மன்றத்துக்கு எழுதிக் கொடுத்தது. மன்றத் தலைவர் ஜெரால்ட் பெல்சம் அந்த ஒரு பவுண்டை வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு கொடுத்தார்.

பெல்சம் மாவட்ட வடிகால் வாரியத்தில் முப்பது ஆண்டுகள் கோப்புகளை ஓடவிடாமல் பார்த்துக்கொண்டு ஓய்வு பெற்றவர். கூண்டுக்கு முன்னால் நின்று அவர் ஆற்றிய உரையை ஊர் இன்னும் மறக்கவில்லை.

"நண்பர்களே, உள்ள ஒரு போன் இருந்தவரைக்கும் இது வெறும் போன் கூண்டு. அதை எடுத்த பிறகுதான் இது பாரம்பரியம்!"

ஜனங்கள் கைதட்டினார்கள். கைதட்டாவிட்டால் மறுபடியும் சொல்வார் என்று அவர்களுக்குத் தெரியும்.

பிறகு கூண்டு மறுபயன்பாட்டுக் குழு அமைந்தது. அந்தக் குழு எப்படி இயங்க வேண்டும் என்று ஆராய இன்னொரு குழு அமைந்தது. பக்கத்து ஊரான அப்பர் ஹாக்பி தன் கூண்டை நூலகமாக்கிவிட்டிருந்தது. அதற்கடுத்த ஊரில் ஒருவர் கூண்டுக்குள் நின்று காப்பி விற்றார். இன்னொரு ஊரில் தக்காளி நாற்று வளர்த்தார்கள். மற்றவர்கள் செய்ததைச் செய்தால் கௌரவக் குறைவு, செய்யாததைச் செய்தால் ஆபத்து. மூன்று ஆண்டு யோசனைக்குப் பிறகு, மாரடைப்பு வந்தவரின் நெஞ்சுக்கு மின்னதிர்ச்சி கொடுத்து உயிரை மீட்கும் இதயக் கருவி ஒன்றைக் கூண்டுக்குள் வைப்பதென்று முடிவானது. அப்பர் ஹாக்பியில் அது இல்லை என்பதுதான் குழுவைக் கடைசியில் அசைத்த காரணம்.

பச்சைப் பெட்டிக்குள் கருவி வந்து பின்சுவரில் உட்கார்ந்தது. கூண்டின் கதவைச் சுற்றிச் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள். சங்கிலி தெரியாமலிருக்க அதன்மேல் சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். மன்னரின் மாவட்டப் பிரதிநிதி வந்து திறந்து வைக்க வேண்டும். அவருக்கு ஜூலை வரை நேரமில்லை. அப்போது பிப்ரவரி.

"அஞ்சு மாசம் பூட்டியா வெக்கப் போறீங்க?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

"திறப்பு விழாவுக்கு முன்னாடி திறந்துட்டா, அப்புறம் விழாவுல எதைத் திறக்கிறது?" என்றார் பெல்சம். கூட்டம் அடுத்த பொருளுக்குப் போனது.

கூண்டுக்கு எதிர் வீட்டில் இருந்தவள் ஹேசல் டாட்ஸ்வர்த். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். அவள் கணவன் கீத். இருவரும் அதிகம் பேசுகிறவர்கள் அல்ல. ஒரு மாலை முழுவதும் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தவர்களைப் போன்ற திருப்தியோடு படுக்கப் போவார்கள். ஏப்ரலில் ஒரு மதிய வேளையில், வேலிச் செடியைக் கத்தரித்துக்கொண்டிருந்த கீத் கத்தரிக்கோலைப் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே சாய்ந்தான்.

ஹேசல் வீட்டுத் தொலைபேசியில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். லிங்கன் நகரத்திலிருந்து வர நேரமாகும் என்றது அந்தப் பக்கத்துப் பெண்குரல். "பயப்படாதீங்கம்மா. உங்க வீட்டுக்கு எதிர்லயே போன் கூண்டுல இதயக் கருவி இருக்குன்னு இங்க காட்டுது. ஓடுங்க."

ஓடினாள். கண்ணாடிக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில், பச்சைப் பெட்டியில் சின்ன விளக்கு ஒன்று மினுங்கிக்கொண்டிருந்தது. ரிப்பனைப் பிய்த்தாள். சங்கிலி இருந்தது. தோட்டத்துக் கல்லை எடுத்துக் கண்ணாடியை உடைத்தாள். கை உள்ளே போயிற்று, பெட்டி வெளியே வரவில்லை. அந்தக் கதவின் இரும்புச் சட்டங்கள் பழைய மன்னர் காலத்து உறுதி கொண்டவை. மேடேறி பெல்சம் வீட்டுக்கு ஓடினாள். அவர் மதிய உணவில் இருந்தார். கழுத்தில் கைக்குட்டையுடன் வாசலுக்கு வந்தார்.

"சாவி! கீத் விழுந்துட்டார். சாவி கொடுங்க!"

"மிசஸ் டாட்ஸ்வர்த், அது இன்னும் திறந்து வைக்கப்படலையே."

"சாவியைக் கொடுங்கன்னா!"

"கொடுக்கிறேன், கொடுக்கிறேன். ஒரு வார்த்தை செயலாளர்கிட்ட..." என்று சொல்லிவிட்டு, அவர் உண்மையாகவே செயலாளருக்குப் போன் செய்யப் போனார். அவர் கெட்டவர் அல்ல என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். சாவியைக் கொடுத்தார். கொடுக்கத்தான் செய்தார். ஹேசல் சாவியோடு கீழே வந்தபோது பக்கத்து வீட்டுக்காரி கீத்தின் முகத்தின் மேல் தன் மேலங்கியை விரித்து வெயில் படாமல் மறைத்துக்கொண்டிருந்தாள். அப்படி மறைக்கிறவர்கள் எதற்காக மறைக்கிறார்கள் என்று ஹேசலுக்குத் தெரிந்திருந்தது.

அடக்கம் முடிந்த வாரம் மன்றத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. முதல் வரியில் ஆழ்ந்த இரங்கல். இரண்டாம் வரியில், கூண்டு சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பாரம்பரியக் கட்டடம் என்பதையும், அதன் கண்ணாடியைச் சேதப்படுத்துவது தண்டனைக்குரிய குற்றம் என்பதையும் மன்றம் கனிவுடன் நினைவூட்டியது. சூழ்நிலை கருதி மேல் நடவடிக்கை இல்லை. கடைசி வரியில், ரிப்பனைத் திருப்பித் தர இயலுமா என்று கேட்டிருந்தது.

ஹேசல் கடிதத்தை இருமுறை படித்தாள். பிறகு கீத்தின் நாற்காலியைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். முன்பெல்லாம் அந்த மௌனத்தில் இரண்டு பேர் இருந்தார்கள்.

மே மாதம் மன்றத்தில் ஓர் இடம் காலியானது. வேறு யாரும் வரவில்லை. ஹேசல் விண்ணப்பித்தாள். அவளை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டால் வெளியே நின்று கத்த மாட்டாள், உள்ளே உட்கார்ந்து விதிப்படி வாய் மூடுவாள் என்று பெல்சம் கணக்குப் போட்டார். "அனுதாபத்தின் அடிப்படையில்" என்று சொல்லி ஒருமனதாகச் சேர்த்தார்கள்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. கூண்டைப் பூட்டி வைக்கச் சொன்னது மன்றம், அதனால் கருவி கிடைக்கவில்லை என்று தலைவர் ஊர் முன்னால் சொல்ல வேண்டும். அது மன்றக் குறிப்பில் ஏற வேண்டும்.

"மன்றத்துக்குக் கை கிடையாது, மிசஸ் டாட்ஸ்வர்த்," என்றார் பெல்சம் மிகுந்த பொறுமையோடு. "கை இல்லாத ஒண்ணு எப்படிப் பூட்டும்? பூட்டு இருந்தது. அவ்வளவுதான் நாம சொல்ல முடியும்."

"யாரு போட்டது?"

"அது தத்துவக் கேள்வி. இன்னைய நிகழ்ச்சி நிரல்ல தத்துவம் இல்லை."

செயலாளர் பிரயனி, முப்பது வயதுப் பெண், தலை நிமிராமல் எழுதினாள். மற்ற உறுப்பினர்களில் பண்ணைக்காரர் டெஸ்மண்ட் இங்கிள் ஜன்னல் வழியே தன் ஆடுகளை எண்ணினார். வெரிட்டி கோப் என்ற பெண்மணி பிஸ்கட் தட்டை ஹேசல் பக்கம் நகர்த்தினாள். அந்த ஊரில் அதற்கு மேல் யாரும் யாருக்கும் ஆறுதல் சொல்வதில்லை. நேரமாகிவிட்டதால் கூட்டத்தை முடிக்காமல் ஒத்திவைத்தார்கள்.

ஜூலையில் விழா. உடைந்த கண்ணாடிக்குப் பதில் அதே காலத்து வார்ப்பில் புதுக் கண்ணாடி தருவித்துப் பொருத்தியாயிற்று. ஒரு கண்ணாடி புதிதாக மின்ன, மற்ற இடமெல்லாம் மங்கலாகத் தெரிந்ததால் கூண்டு முழுவதற்கும் பெயிண்ட் அடிக்கச் சொன்னார் பெல்சம். சிவப்பில் எந்தச் சிவப்பு என்று முடிவு செய்யக் கூண்டுக் குழு இரண்டு முறை கூடியது. விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவரே வந்து பார்த்துவிட்டு, இன்னும் ஒரு பூச்சு, கெட்டியாக, என்றார். அடித்தார்கள்.

சனிக்கிழமை வெயில் கொளுத்தியது. புல்வெளியில் கூடாரம், பித்தளை வாத்தியக் குழு, மேசை நிறையக் கேக், கேக்கை வெட்டக் கத்திகள். மன்னரின் பிரதிநிதி வரவில்லை. துணைப் பிரதிநிதி அம்மையார் வந்தார். ரிப்பனை வெட்டினார், கூண்டைப் பார்த்து "அட, சிவப்பு!" என்றார், அடுத்த ஊரில் ஒரு வாத்துக் குளத்தைத் திறந்து வைக்கக் காரேறிப் போனார்.

புகைப்படக்காரர் தலைவரை உள்ளே நிற்கச் சொன்னார். பெல்சம் பதவிச் சங்கிலியைச் சரி செய்துகொண்டு உள்ளே போனார்.

"கதவு மூடியிருந்தா எடுப்பா இருக்கும் சார்."

மூடினார். அந்தக் கதவு கனம். தன் கனத்திலேயே வந்து, ஈரம் காயாத பெயிண்டில் அழுந்தப் பதிந்தது. படம் எடுத்தார்கள். வாத்தியக் குழு தேசிய கீதம் வாசித்தது. எல்லோரும் எழுந்து நின்றார்கள், பெல்சமும் உள்ளே விறைப்பாக நின்றார். கீதம் முடிந்து அவர் கதவைத் தள்ளியபோது பெயிண்ட் பிடித்துக்கொண்டிருந்தது.

முதலில் ஒருவர் இழுத்தார். பிறகு நால்வர் இழுத்தார்கள். கூண்டு அசையவில்லை. டெஸ்மண்ட் இங்கிள் பையிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்தார். "இருங்க தலைவரே, ஓரத்துல ஒரு கீறு கீறினா விட்டுரும்."

"கத்தி வேண்டாம்!" என்று உள்ளேயிருந்து அலறல் கேட்டது. "பெயிண்ட்! பாரம்பரியக் கட்டடத்துல கத்தி வெச்சா குற்றம்! நானே வழக்குப் போடுவேன்!"

டெஸ்மண்ட் கத்தியை மடக்கினார். கேக் மேசையிலிருந்து கத்தியோடு வந்த இரண்டு பேர் திரும்பிப் போய் வரிசையில் நின்றார்கள்.

பிரயனி கைப்பேசியில் சிக்னல் கிடைக்கத் தேவாலய மேட்டுக்கு ஏறிப் போய் மாவட்டப் பாரம்பரிய அலுவலகத்துக்குப் பேசினாள். திங்கள்கிழமைவரை விடுமுறை என்று ஒரு குரல் பதிவு சொன்னது. தீயணைப்புக்குப் பேசினாள். உள்ளே இருப்பவருக்கு ஆபத்தா என்று கேட்டார்கள். காற்று வருகிறது, பக்கத்திலேயே இதயக் கருவி இருக்கிறது என்றாள். "அப்ப லிங்கன்ஷயர்லயே ரொம்பப் பத்திரமான ஆளு அவருதான்மா," என்று வைத்துவிட்டார்கள்.

"ஒரு வழி இருக்கு," என்றாள் பிரயனி விதிப் புத்தகத்தோடு. "அவசரப் பராமரிப்புன்னு மன்றம் தீர்மானம் போட்டா பெயிண்டைக் கீறலாம். புதுக் கூட்டத்துக்கு மூணு முழு நாள் முன்னாடி நோட்டீஸ் ஒட்டணும். ஆனா போன மன்றக் கூட்டம் ஒத்திவெச்சதுதான், முடியலை. அதை இப்ப இங்கேயே தொடரலாம். மூணு பேர் வேணும்."

மன்றத்தில் ஐந்து பேர். ஒருவர் மதீரா தீவில் விடுமுறையில் இருந்தார். தலைவர் நாலடி தூரத்தில் இருந்தார்.

"நான் இருக்கேனே!" என்றார் பெல்சம்.

பிரயனி புத்தகத்தைப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் விரலை வைத்தாள்.  "உறுப்பினர்கள் ஒரே இடத்துல கூடணும் சார். நீங்க இருக்கிறது தனிக் கட்டடம். நீங்களே சொல்லியிருக்கீங்க."

ஆக டெஸ்மண்ட், வெரிட்டி, ஹேசல். புல்வெளியில் ஒரு மேசையும் மூன்று நாற்காலியும் போட்டார்கள். ஊர் சுற்றி நின்றது. இருவர் உட்கார்ந்தார்கள். ஹேசல் உட்காரவில்லை. கூண்டுக்கு அருகே போய் நின்றாள். உள்ளே தலைவரின் முகம் புது பெயிண்டின் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது.

"உட்காருங்க மிசஸ் டாட்ஸ்வர்த். தயவுசெஞ்சு. எனக்கு... எனக்கு உள்ள போகணும். அதாவது வெளிய போகணும். புரியுதா?"

"புரியுது. எலுமிச்சைச் சாறு மூணு டம்ளர் குடிச்சீங்க, பாத்தேன்."

"ஹேசல்!"

"யாரு பூட்டச் சொன்னது?"

பெல்சம் தொண்டையைச் செருமினார். "ஏப்ரல்ல நடந்தது வருந்தத்தக்கது. எல்லாத் தரப்பும் அதுலேருந்து பாடம் கத்துக்கணும்..."

"கேக்கலை."

"அன்றைய நடைமுறைகளின் வெளிச்சத்துல..."

"காது கேக்கலைங்க. கண்ணாடி புதுசு, நல்ல கனம்."

அவர் நெருங்கி வரத் திரும்பியபோது முழங்கை பச்சைப் பெட்டியில் இடித்தது. மூடி திறந்துகொண்டது. ஒரு பெண் குரல், தெளிவாக, அவசரமில்லாமல், எல்லோருக்கும் கேட்கும்படி பேசியது.

"அமைதியாக இருங்கள். நோயாளியின் மேலாடையை அகற்றுங்கள்."

சிலர் சிரித்தார்கள். பெல்சம் மூடியை அழுத்தினார். அது மூடவில்லை.

"ஒட்டுப்பட்டைகளை நெஞ்சின் மேல் ஒட்டுங்கள். நான் உங்களுக்கு உதவுகிறேன்."

சிரிப்பு நின்றது. ஹேசல் அசையாமல் நின்றாள். இந்தக் குரல்தான். பிப்ரவரியிலிருந்து இந்தக் குரல் அந்தக் கண்ணாடிக்குள் தயாராக இருந்திருக்கிறது. எப்படிச் செய்வதென்று அவளுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கும். ஏப்ரல் வெயிலில், கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, இந்தக் குரல் சொன்னபடியெல்லாம் அவள் செய்திருப்பாள். பேருந்து ஓட்டின கைகள் அவளுடையவை. நடுங்கியிருக்காது.

"உடனே உதவிக்குத் தொலைபேசியில் அழையுங்கள்," என்றது கருவி, தொலைபேசி இருந்த இடத்தில் நின்றவரிடம்.

அவர் பெட்டிக்குக் கீழே இருந்த வெற்றுச் சுவரைப் பார்த்தார். நான்கு திருகாணித் துளைகள். அவற்றின் மேலும் பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

"நான்தான்," என்றார். கத்தினார். "நான்தான் பூட்டச் சொன்னேன்! பிரதிநிதி வர்றதுக்கு முன்னாடி யாராவது தொட்டு அழுக்காக்கிடுவாங்கன்னு நெனைச்சேன். படம் நல்லா வரணும்னு நெனைச்சேன். அன்னைக்குச் சாவி என் கோட்டுப் பையிலதான் இருந்தது. செயலாளரைக் கேக்க வேண்டிய அவசியமே இல்லை. கேட்டா முறையா இருக்கும்னு தோணிச்சு. போதுமா? கேட்டுதா?"

எல்லோருக்கும் கேட்டது. கூடாரத்துக்குப் பின்னால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள்கூடக் குழாயை நிறுத்தினாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

ஹேசல் கூண்டை விட்டுத் திரும்பினாள். இந்த வார்த்தைகள் வந்தால் தான் என்ன செய்வோம் என்று இரவுகளில் எத்தனையோ விதமாக எண்ணிப் பார்த்திருந்தாள். நாற்காலிக்கு வந்து உட்காருவோம் என்று எண்ணியிருக்கவில்லை. உட்கார்ந்தாள். வெரிட்டி மேசைக்கடியில் அவள் கையைப் பிடித்தாள். "சரி கண்ணு. போதும். அந்த ஆளை வெளிய விட்டுரலாம்," என்றாள்.

"விட்டுரலாம்," என்றாள் ஹேசல். அவள் மனமார அதைச் சொன்னாள். "பிரயனி, அவர் சொன்னதை எழுதிக்கிட்டியா?"

பிரயனி பேனாவை எடுத்தாள்.

அப்போது கண்ணாடி தட்டப்பட்டது. மோதிர விரலால், கூட்டங்களில் மேசையைத் தட்டுகிற அதே அளவில். பெல்சம் நிமிர்ந்து நின்றிருந்தார். நெஞ்சில் சங்கிலி நேராக இருந்தது. ஒரு நல்ல விதி நினைவுக்கு வந்துவிட்ட மனிதரின் ஒளி அவர் முகத்தில் இருந்தது.

"ஒழுங்குப் பிரச்சினை! நான் பேசினப்ப மூணாவது உறுப்பினர் உட்காரலை. கூட்டம் அப்ப ஆரம்பிக்கவே இல்லை. அதோட நான் கூட்டத்துக்கு வராதவன்னு செயலாளரே சொல்லிட்டாங்க. வராதவன் ஆரம்பிக்காத கூட்டத்துல பேசினது குறிப்புல ஏறாது. விதி எனக்கும் ஒண்ணுதான், உங்களுக்கும் ஒண்ணுதான். மன்னிக்கணும், மிசஸ் டாட்ஸ்வர்த். இப்ப தீர்மானத்தை எடுத்துக்கலாம்."

பிரயனி பேனாவை எங்கே வைப்பதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். டெஸ்மண்ட் தொப்பியைக் கழற்றி அதற்குள் பார்த்தார்.

ஹேசல் தலைவரை ஏறிட்டுப் பார்த்தாள். கோபம் எதுவும் தெரியவில்லை. மலைப்பாதையில் எதிரே வண்டி வந்தால் யார் பின்வாங்குவது என்று தீர்மானிக்கிற ஓட்டுநரின் நிதானம் அந்தப் பார்வையில் இருந்தது. பிறகு எழுந்தாள். நாற்காலியை மேசைக்குள் தள்ளினாள். கைப்பையை எடுத்தாள்.

"ஹேசல், எங்க போறீங்க?" பிரயனி பின்னாலேயே வந்தாள். "நீங்க போயிட்டா ரெண்டு பேருதான். கூட்டம் செல்லாது."

"தெரியும்."

"அப்புறம் புதுசாத்தான் கூட்டணும். மூணு நாள்..."

"மூணு முழு நாள். ஞாயித்துக்கிழமை கணக்குல வராது. நான் உறுப்பினர் பிரயனி, எல்லாம் படிச்சிருக்கேன்."

"அப்ப அவரு?"

"அவரு விதிப்படிதான் உள்ள இருக்காரு," என்றாள் ஹேசல். "நோட்டீஸை நல்ல எடத்துல ஒட்டு. அவருக்குத் தெரியற மாதிரி."

சாலையைக் கடந்து வீட்டுக்குள் போனாள். கதவைச் சாத்தும் சத்தம்கூடக் கேட்கவில்லை.

பெல்சம் கண்ணாடியைத் தட்டினார். முதலில் விரலால், பிறகு உள்ளங்கையால். ஊர் நின்றது. சுற்றிலும் எத்தனையோ பேர் கையில் கேக் கத்தி இருந்தது. ஒரே ஒரு கீறல் போதும். ஆனால் அது குற்றம், தண்டனைக்குரியது, எல்லோருக்கும் கேட்கும்படி அவரே சொல்லியிருந்தார். பாரம்பரியத்தை மதிக்கிற ஊர் அது. ஒருவர் கத்தியைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். இன்னொருவரும் வைத்தார். வாத்தியக்காரர்கள் குழல்களிலிருந்து எச்சிலைத் தட்டிவிட்டு உறைக்குள் போட்டார்கள். நாற்காலிகளை மடித்தார்கள். கூண்டைக் கடந்து போகும்போது ஒவ்வொருவரும் தலையைச் சாய்த்து "மன்னிக்கணும், தலைவரே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். உள்ளே அவர் வாய் பெரிதாகத் திறந்து மூடியது. நின்று காது கொடுக்க ஒருவரும் முற்படவில்லை.

டெஸ்மண்ட் இங்கிள் மட்டும் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, இந்த வெயில் புதன் வரைக்கும் தாங்கும் போலிருக்கிறது என்றார்.

தாங்கினால் வைக்கோலுக்கு நல்லதுதான் என்றாள் வெரிட்டி. எல்லோரும் அதை ஆமோதித்தார்கள்.